சபர் போன ஊரில் உள்ளூர் கால்பந்து கிளப்புக்கு ரசிகராவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று நம் டெல்டாப் பக்கத்திலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகிறவர்களுக்காக, எங்கள் பேச்சில் 'சபர்' போகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன். போன ஊரில் ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு, மழையானாலும் தோல்வியானாலும் அதன் மைதானத்துக்குப் போகிற ஆளாக வேண்டும் என்பவர்களுக்கு இது உதவும். டிவியில் ஐரோப்பிய ஆட்டம் பார்க்க எந்த வழிகாட்டியும் தேவையில்லை.

புதிதாக வருகிற பையன்கள் பெரும்பாலும் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்கிறார்கள். வந்த மாசமே ஜெர்சி வாங்குகிறார்கள். பெரிய ஆட்டத்துக்கு அலைந்து டிக்கெட் எடுக்கிறார்கள். ரெண்டு மூணு ஆட்டத்தில் அலுத்துப்போய் ரூமில் படுத்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஊரை விட்டுக் கிளம்புமுன்

கிளப்பைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். மூன்று விஷயங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தங்குமிடம் நகரத்தின் எந்தப் பகுதியில், டியூட்டி எத்தனை மணிக்கு முடியும், வார லீவு எந்த நாள். ஏஜெண்டிடம் கேட்டால் 'எல்லாம் அங்கே போய்ப் பாத்துக்கலாம்' என்பார். அதே கம்பெனியில் இருக்கும் ஊர்க்காரரைப் பிடித்துக் கேளுங்கள்.

லீவு நாள் நாட்டுக்கு நாடு வேறு. சவூதியில் வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள். தனியார் கம்பெனிகள் எல்லாம் இதையே பின்பற்றுவதில்லை. லீக் ஆட்டங்கள் வார இறுதியை ஒட்டித்தான் அதிகம் நடக்கும் என்பதால் உங்கள் லீவு எந்தக் கிழமை என்பது முக்கியம்.

கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவர் என்றால், நம் பக்கத்தில் மின்னொளியில் நடக்கும் எழுவர் கால்பந்துத் தொடர் ஒன்றை முழுசாகப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. உள்ளூர் எழுவர் ஆட்டம் பலவற்றில் ஆஃப்சைடு (பந்து தரப்படும்போது எதிரணிக் காவலர்களைத் தாண்டிக் கோல் பக்கம் நின்றவர் போடும் கோல் செல்லாது என்ற விதி) பார்ப்பதில்லை. அதை மட்டும் பார்த்துவிட்டுப் பதினோரு பேர் ஆட்டத்துக்குப் போனால், கோல் விழுந்ததும் எழுந்து குதிப்பீர்கள். பக்கத்தில் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆஃப்சைடு விதியை யாராவது தரையில் கோடு போட்டுச் சொல்லித்தந்தால் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

2. வந்த புதிதில் சும்மா இருங்கள்

இகாமா (தங்கி வேலை செய்யும் அனுமதி அட்டை) கைக்கு வரட்டும், சிம் உங்கள் பெயரில் ஏறட்டும், முதல் சம்பளத்தில் ஊருக்குப் பணம் போகட்டும். வளைகுடாவில் டிக்கெட் பெரும்பாலும் ஆப் வழியாகத்தான். அதற்குச் சொந்த போன் நம்பர், வங்கிக் கார்டு, பல இடங்களில் அடையாள அட்டை எண்ணும் வேண்டும். அடுத்தவர் கணக்கில் எடுத்த டிக்கெட்டோடு கேட்டில் நின்று விளக்கம் சொல்வதைப் போன்ற அவஸ்தை வேறில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. புதிதில் ஓவர்டைம் எப்போது வரும், எந்த ஷிஃப்ட் என்று உங்களுக்கே தெரியாது. டிக்கெட் எடுத்துவிட்டுச் சூப்பர்வைசரிடம் கெஞ்சுவது வேலைக்கும் நல்லதல்ல.

3. கிளப்பைத் தேர்வது: பஸ்ஸைப் பார், நட்சத்திரத்தைப் பார்க்காதே

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதி ஒன்றுதான்: டியூட்டி முடிந்து குளித்துச் சாப்பிட்டு, ஒரே வண்டியில் அல்லது அதிகம் போனால் ஒருதரம் மாறி, ஆட்டம் தொடங்குமுன் போய்ச் சேரக்கூடிய மைதானம் எதுவோ அந்த கிளப். கோப்பை எத்தனை, யார் ஆடுகிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சீசனில் ஒருமுறை மட்டும் பார்க்கிற அணி மேல் பாசம் ஒட்டாது.

2023 ஜனவரியில் ரொனால்டோ ரியாத்தின் அல் நஸ்ருக்கு வந்த பிறகு இந்தக் குழப்பம் கூடிப்போனது. நான் சவூதியின் தம்மாமில் இருந்தபோது ரூமுக்குப் புதிதாக வந்த பையனோடு நடந்த பேச்சு இது (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்):

"காக்கா, நான் அல் நஸ்ர் ஃபேன். அடுத்த மேட்சுக்குப் போகணும்."

"தம்பி, ரியாத் இங்கேர்ந்து நானூறு கிலோமீட்டர். ஒரு மேட்சுக்குப் போனா ரெண்டு நாள் போயிரும். லீவு தருவானா?"

"அப்ப ரொனால்டோவை எப்படிப் பாக்குறது?"

"அவரே இங்க வருவாரு. நீ இத்திஃபாக் ஸ்டாண்டுல உக்காந்து பாரு."

சவூதி லீக்கில் 18 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற எல்லா அணியின் மைதானத்துக்கும் சீசனில் ஒருமுறை போயாக வேண்டும். மொத்தம் 34 ஆட்டம். தம்மாமில் இத்திஃபாக், கோபரில் காதிஸியா, பக்கத்து சைஹாத்தில் கலீஜ் என்று கிழக்கு மாகாணத்திலேயே கிளப்புகள் இருக்கின்றன. ஹஸாவில் வேலை என்றால் அல் ஃபதஹ். 2012-13இல் லீக்கையே வென்ற கிளப் அது. வீட்டு வாசலில் இருப்பதை விட்டுவிட்டு நானூறு கிலோமீட்டருக்கு ஏன் ஏங்க வேண்டும்?

கத்தாரில் மெட்ரோ வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல் ரய்யான் ஆடும் அஹ்மத் பின் அலி ஸ்டேடியத்துக்குப் பச்சைப் பாதையில் ரிஃபா ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். வக்ராவில் தங்கியிருப்பவர் அல் வக்ராவை விட்டு வேறெங்கும் போகவேண்டியதில்லை.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பக்கம்) வராத நம்மாள் யார்? அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஜாலான் புசார் ஸ்டேடியம் இருக்கிறது. ஏறத்தாழ 6,000 பேர் உட்காரலாம். சின்ன மைதானம் என்பதால் ஆட்டக்காரர் திட்டுவதுகூடக் காதில் விழும். சிங்கப்பூரில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பல கிளப்புகள் மைதானத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், இந்த சீசன் இங்கே ஆடிய அணி அடுத்த சீசன் வேறு பக்கம் போய்விடலாம். டார்மிட்டரி துவாஸில் என்றால் தெம்பனிஸ் கிளப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை அது.

ஜொகூரில் இருப்பவர்களுக்குத் தேர்வே கிடையாது: ஜொகூர் தாருல் தக்சிம். 2014 முதல் மலேசிய லீக்கைத் தொடர்ந்து வென்று வருகிறது. இஸ்கந்தர் புத்திரியில் 40,000 பேர் கொள்ளும் ஸ்டேடியம். எப்போதும் ஜெயிக்கிற அணிக்கு ரசிகராவதில் என்ன சுவாரஸ்யம் என்று கேட்டால், அது உங்கள் பாடு.

லண்டன் போகிறவர்கள் ஈஸ்ட் ஹாமில் ரூம் எடுத்துவிட்டு வெஸ்ட் ஹாம் டிக்கெட்டுக்கு மல்லுக்கட்டுவார்கள். அந்த கிளப் 2016இலேயே பழைய அப்டன் பார்க்கை விட்டு ஸ்டிராட்ஃபோர்டுக்குப் போய்விட்டது. பிரீமியர் லீக் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் முதலில் மெம்பர்ஷிப் கட்டவேண்டும். மாணவர் கையில் இருக்கும் காசுக்குக் கீழ்ப்பிரிவில் ஆடும் லெய்டன் ஓரியண்ட் சரி. இன்னும் கீழே போனால் ஃபாரஸ்ட் கேட்டில் கிளாப்டன் கம்யூனிட்டி இருக்கிறது. ரசிகர்களே உறுப்பினராகிச் சொந்தமாக நடத்தும் கிளப். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை. அந்த நேரத்தில் ரூமில் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இருக்காது. கிளம்பி உள்ளூர் மைதானத்துக்குப் போங்கள்.

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு நின்று பார்க்கும் மேடை டிக்கெட்தான் ஏற்றது. விலை குறைவு, பாட்டும் அங்கேதான். பல கிளப்புகளில் ஆட்ட டிக்கெட்டே அன்றைக்கு உள்ளூர் ரயில் டிக்கெட்டாகவும் செல்லும். வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

4. பெயரைச் சரிபார்க்கவும்

அரபு நாடுகளில் ஒரே பெயரில் பல கிளப். ஜித்தாவில் அல் அஹ்லி, தோஹாவில் அல் அஹ்லி, கெய்ரோவில் அல் அஹ்லி. மக்காவில் அல் வஹ்தா, அபுதாபியிலும் அல் வஹ்தா. செல்லப் பெயரும் அப்படித்தான். 'ஸயீம்' என்று ரியாத்தில் சொன்னால் அல் ஹிலால், தோஹாவில் சொன்னால் அல் சத், அமீரகத்தில் சொன்னால் அல் ஐன்.

இதில் மோசமான பொறி துபாயில் இருக்கிறது. ஊத் மேத்தா பக்கம் அல் நஸ்ர் என்றொரு கிளப். 1945இல் தொடங்கியது, நிறம் நீலம். அருகிலேயே அதன் பரம வைரி அல் வஸ்ல், நிறம் மஞ்சள். ரியாத் அல் நஸ்ரின் மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு துபாய் அல் நஸ்ர் ஸ்டாண்டுக்கு ஒரு பையன் வந்து நின்றான். அடிக்கவில்லை, திட்டவில்லை, சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் இடைவேளைக்குள் பனியனோடு உட்கார்ந்துவிட்டான்.

ஆகவே டிக்கெட் எடுக்குமுன் நாடு, நகரம், ஸ்டேடியம், நிறம் ஆகிய நான்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

5. முதல் ஆட்டம்: சின்னதாகத் தொடங்குங்கள்

டெர்பிக்கு, அதாவது ஒரே ஊர்ப் பரம வைரிகள் மோதும் ஆட்டத்துக்கு, போகாதீர்கள். பட்டியலின் நடுவில் கிடக்கும் இரண்டு அணிகள் மோதுகிற, வாரநாள் ஆட்டமாகப் பாருங்கள். கூட்டம் குறைவாக இருந்தால்தான் எந்த கேட், எந்த ஸ்டாண்டு, கழிவறை எங்கே, தொழும் இடம் எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பழகும். பக்கத்தில் இருப்பவருக்கும் பேச நேரம் இருக்கும்.

முதல் தடவை பாட்டுக்காரர்கள் கூடும் ஸ்டாண்டில் உட்கார வேண்டாம். பக்கவாட்டில், அவர்களைப் பார்க்கிற மாதிரி இடம் எடுங்கள். யார் அடியெடுத்துக் கொடுக்கிறார், எப்போது எழுகிறார்கள், எப்போது கைதட்டல் என்று அங்கிருந்துதான் தெரியும். எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் தவறிப்போய் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ஆப்பில் விலை குறைந்த சீட் என்று அழுத்துகிறவர்கள் அங்கேதான் போய் விழுகிறார்கள்.

பையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், லைட்டர், கம்பு வைத்த கொடி இவையெல்லாம் பல ஸ்டேடியங்களில் வாசலிலேயே நின்றுவிடும். டியூட்டியிலிருந்து நேராக வருகிறவர்கள் ஹெல்மெட், டூல்ஸ், டிபன் பாக்ஸ் அடங்கிய பையோடு வந்து, வைக்க இடமில்லாமல் திரும்புவதை அடிக்கடி பார்க்கலாம்.

வளைகுடாவில் வெயிலுக்காக ஆட்டங்கள் மாலையிலும் இரவிலும்தான். ரமலானில் இன்னும் தள்ளிப்போய், தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்தபின் நடக்கும். அந்த மாசம் மறுநாள் டியூட்டியைக் கணக்குப் போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் ஃபேமிலி பகுதி எது என்று முன்பே பார்க்கவும். சவூதியில் 2018 ஜனவரி முதல் பெண்களும் ஸ்டேடியத்துக்கு வருகிறார்கள்.

6. அதே கேட், அதே வரிசை

முதல் சில ஆட்டத்துக்குப் பின் ஓர் இடத்தைப் பிடியுங்கள். பிறகு மாற்றாதீர்கள். மறுபக்கம் நன்றாகத் தெரிகிறது, அங்கே நிழல் இருக்கிறது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறுகிறவர் எத்தனை வருஷம் போனாலும் அந்நியராகவே இருப்பார். கோவில் திருவிழாவில் வருஷா வருஷம் ஒரே தூணுக்கடியில் உட்காரும் பாட்டியை எல்லாருக்கும் தெரிவது மாதிரிதான் இது. முகம் பழகினால் சலாம் வரும், சலாம் வந்தால் பேச்சு வரும்.

பேச்சை எப்படித் தொடங்குவது? ஆட்டத்தைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். 'அந்த எட்டாம் நம்பர் யார்? புதுசா?' என்று கேட்டால் போதும். எந்த நாட்டு ரசிகனுக்கும் புதியவனுக்குப் பாடம் எடுப்பதில் அலாதி ஆசை. நீங்களாக நிபுணர் வேஷம் போடாதீர்கள். பார்சிலோனாவோடு ஒப்பிட்டுப் பேசுவது அறவே கூடாது. உள்ளூர்க்காரருக்கு அதைவிட எரிச்சலானது எதுவுமில்லை.

இலவச டிக்கெட், இலவச பஸ், ஒரு பொட்டலம் பிரியாணி என்று தொழிலாளர் தங்கும் கேம்ப்பிலிருந்து கூட்டிப்போகிற ஏற்பாடுகளும் உண்டு. போகலாம், தப்பில்லை; மைதானம் பழகும். ஆனால் அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து அந்தக் கூட்டத்தோடே எழுந்து வந்தால் ஒருவரும் பழக்கமாக மாட்டார்கள். 2022 உலகக் கோப்பையின்போது தோஹாவில் வெவ்வேறு நாட்டு ஜெர்சி போட்டு ஊர்வலம் போன நம் நாட்டு ரசிகர்களை, அதிலும் கேரளத்துக்காரர்களை, காசு வாங்கிவிட்டு வந்த போலி ரசிகர்கள் என்று வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. சின்ன வயசிலிருந்து அர்ஜென்டினா, பிரேசில் என்று சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! நம் முகத்தைப் பார்த்ததும் அப்படி நினைக்கிறவர் இன்றும் உண்டு. அதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம். பூஜ்யத்துக்கு மூன்று என்று தோற்கிற ஆட்டத்தில் கடைசி விசில்வரை உட்கார்ந்திருங்கள்.

7. பாட்டு

இப்போதுதான் பாட்டு. ஒரே ஒரு பாட்டை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். போனில் பதிவுசெய்து, ரூமில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, அரபோ மலாயோ ஜெர்மனோ தெரிந்த ஒருவரிடம் பொருளைக் கேட்டுவிட்டுப் பாடுங்கள். பொருள் தெரியாமல் பாடுவது ஆபத்து. எதிரணியின் தாயைத் திட்டுகிற வரியாக இருக்கலாம், அரசியல் வரியாகவும் இருக்கலாம். அமீரகத்தில் கெட்ட வார்த்தை பேசினால் சட்டப்படி தண்டனை உண்டு. வேலைக்குப் போன இடத்தில் அந்த வம்பு தேவையா?

வளைகுடா கிளப்புகளில் முரசும் மைக்குமாகப் பாட்டை நடத்துகிற ரசிகர் சங்கத்தை ராபிதா என்பார்கள். உங்களை ரெண்டு மூணு தரம் பார்த்துவிட்டால் அவர்களே கையசைத்துக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு போங்கள். நம்ம ஊர்ப் பறையையோ தவிலையோ கொண்டுபோகும் ஆசை சிலருக்கு வரும். கிளப்பிடம் முன் அனுமதி இல்லாமல் வாசலுக்குள் விடமாட்டார்கள்.

8. ஜெர்சி

பாட்டு வந்தபின் ஜெர்சி. இதைத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். அதற்குள் கிளப் மாறவேண்டி வந்தாலும் காசு வீணாகாது. அடுத்தது, ஒவ்வொரு சீசனும் புது ஜெர்சி வருவதால், சீசன் முடிவில் கிளப் கடையில் பழசை விலை குறைத்துத் தருவார்கள். ரசிகர்கள் நடுவில் பழைய சீசன் ஜெர்சிக்குத்தான் மதிப்பு அதிகம்.

முதுகில் ஆட்டக்காரர் பெயர் போடாதீர்கள். அடுத்த மாசமே அவர் வேறு கிளப்புக்குப் போய்விடுவார். முதலில் ஒரு ஸ்கார்ஃப் போதும். வெயில் ஊரிலும் கழுத்தில் போட்டுக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

9. வெளியூர் ஆட்டம்

தனியாகப் போகாதீர்கள். கிளப் அல்லது ரசிகர் சங்கம் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போங்கள். அசல் அடையாள அட்டை, திரும்பி வருகிற நேரம், மறுநாள் ஷிஃப்ட் மூன்றையும் பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள். ஜெர்சியை மேல்சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய், எதிரணி ஊரில் நமக்கு ஒதுக்கிய பகுதிக்குள் நுழைந்தபின் வெளியே எடுங்கள்.

பஸ் பயணத்தில்தான் நட்பு கெட்டிப்படும். சோறோ சமோசாவோ கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள்.

10. வெக்கேஷனும் சீசனும்

வளைகுடாவில் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே வாக்கில் முடியும். ஜூன், ஜூலையில் லீவு எடுத்தால் ஓர் ஆட்டமும் போகாது. மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12இல் திறந்திருந்தால் குறுவை நடவுக்கும் ஊரில் இருக்கலாம். பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு சீசனின் நடுப்பகுதி போய்விடும். ஜெர்மனியில் மட்டும் கிறிஸ்துமஸை ஒட்டி இடைவேளை விடுவார்கள். ஜனவரியில் மறுபடி தொடங்கிவிடும்.

ஊரில் இருக்கும்போது ஆட்டம் பார்க்க நேரக் கணக்கு தெரிய வேண்டும். சவூதி, கத்தார், குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு ஒன்பது மணி ஆட்டம் என்றால் இங்கே பதினொன்றரை. அமீரகம் ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால். அங்கே ஏழரை மணி ஆட்டத்தை இங்கே மாலை டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். ஜெர்மனியின் சனிக்கிழமை மூன்றரை மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டுக்கு, கோடையில் ஏழுக்கு. வருஷத்தில் இரண்டு தடவை அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதை மறந்துவிட்டு முதல் பாதியைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் படுத்துக்கொண்டு தனியாகப் பார்ப்பதைவிட, அதே நாட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் சபராளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2025 மே மாதம், ஆசிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டத்தில் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸும் ஷார்ஜாவும் மோதின. ஷார்ஜா இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் ஆள் இல்லாத தெரு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

11. வேலை மாறினால், கிளப் கீழே இறங்கினால்

கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டால் விட்டுவிட வேண்டாம். டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், கூட்டம் குறையும், மிஞ்சி நிற்கிற ரசிகர்கள் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள்.

வேலை வேறு நகரத்துக்கு மாறினால் 3ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். புது ஊரில் ஒரு கிளப்பின் மைதானத்துக்குப் போய்ப் பழகலாம். ஆனால் அதே லீக்கில் பழைய கிளப் உங்கள் புது ஊருக்கு ஆட வரும் நாளில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்பதை முன்பே முடிவுசெய்துவிடுங்கள். பழைய ஸ்டாண்டில் உங்களுக்குப் பழக்கமான ஆட்களிடம், அடுத்து அதே கேம்ப்புக்கு வருகிற ஊர்ப் பையனின் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அவனிடம் டியூட்டி நேரத்தையும் பஸ்ஸையும் மட்டும் சொல்லுங்கள், ஜெர்சி பற்றி வாயைத் திறக்காதீர்கள்.